இருங்காட்டுக்கோட்டையில் முதல் ட்ராக் டே: என் ஸ்விஃப்ட் காருக்கு ரேஸ் டயர் வாங்க வேண்டுமா?

2019ஆம் ஆண்டு வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட், கம்பெனியிலிருந்து வந்த 185/65 ஆர்15 டயர்கள், பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடுகள்) பாதிக்கு மேல் மீதம் இருக்கிறது, அடுத்த மாதம் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் பாதையில் முதல் ட்ராக் டே (சொந்தக் காரை ரேஸ் பாதையில் வேகமாக ஓட்டிப் பழகும் நாள்), அதற்கு ரேஸ் டயர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே மாடல் காரை அதே பாதையில் சில ஆண்டுகளாக ஓட்டிவருபவன் என்ற முறையில் என் பதில்: ரேஸ் டயர் வேண்டாம். ஆனால் இப்போதுள்ள டயர்களோடும் போகாதீர்கள். தரமான சாலை டயர்கள் நான்கைப் புதிதாகப் போட்டுக்கொண்டு, அவற்றின் காற்றழுத்தத்தைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

இப்போதுள்ள டயர்களை ஏன் மறுக்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கவாட்டில் 'டாட்' என்று தொடங்கும் வரிசையின் இறுதியில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் எவ்வளவு மீதமிருந்தாலும் ரப்பர் ஆண்டுக்காண்டு இறுகிக்கொண்டே போகும், நம் ஊர் வெயிலில் நிறுத்திவைக்கும் கார்களில் இன்னும் விரைவாக. இறுகிய ரப்பர் ஊருக்குள் ஓட்டும்போது எந்தக் குறையையும் காட்டாது. நூற்றைத் தாண்டிய வேகத்தில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கும் கணத்தில்தான் அது தன் வயதைக் காட்டும். ஐந்து ஆண்டுகளைக் கடந்த டயரை நான் ட்ராக்குக்குக் கொண்டுபோவதில்லை. ரீட்ரெட் செய்த (தேய்ந்த பட்டன் மேல் புது ரப்பர் ஒட்டிய) டயரையும், பக்கவாட்டில் வீக்கமோ வெட்டோ உள்ள டயரையும், பக்கவாட்டில் பஞ்சர் ஒட்டிய டயரையும் பற்றிப் பேச்சே வேண்டாம்.

அடுத்து, ரேஸ் டயர் ஏன் கூடாது? டொயோ ஆர்888ஆர், யோகோஹாமா ஏ052 போன்ற செமி ஸ்லிக் வகை (பள்ளங்கள் மிகக் குறைவாக உள்ள, ரேஸுக்கு நெருங்கிய) டயர்கள் அருமையானவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை சூடேறிய பிறகே முழுப் பிடியைத் தரும். குளிர்ந்த டயரோடு முதல் சுற்றை ஓட்டும் புதியவருக்கு அந்த வேறுபாடு தெரியாது. பிடி விடும்போதும் கார் நல்ல வேகத்தில் இருக்கும், எச்சரிக்கைக்கும் நழுவலுக்கும் இடையே உள்ள நேரம் மிகக் குறைவு. சாலை டயரோ எல்லையை நெருங்கும்போதே கீச்சிடத் தொடங்கி, பிடியைப் படிப்படியாகத்தான் தளர்த்தும். அந்தக் கீச்சொலியைக் கேட்டு, அதற்கேற்ப ஸ்டீயரிங்கையும் ஆக்சிலரேட்டரையும் அளவோடு இயக்கப் பழகுவதே முதல் சில ட்ராக் டேக்களின் பயன் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மிச்சப்படும் பணத்தில் புதிய பிரேக் ஆயிலும் நல்ல பிரேக் பேடும் போடுங்கள்.

சாலை டயரில் எதைத் தேர்வது? ஒரே கம்பெனியிலும் மைலேஜுக்காகவும் அமைதியான ஓட்டத்துக்காகவும் செய்யப்படும் வரிசை ஒன்று, பிடிப்புக்காகச் செய்யப்படும் வரிசை வேறு. மிச்செலினில் பிரைமசி முதல் வகை, பைலட் ஸ்போர்ட் இரண்டாம் வகை. பிரிட்ஜ்ஸ்டோனில் டுரான்சா, பொடென்சா என்று அதே பிரிவு. உங்கள் அளவில் கடையில் எது கிடைக்கிறதோ, அதில் இரண்டாம் வகையைத் தேடுங்கள். சில டயர்களில் 'ட்ரெட்வேர்' என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்க விதிப்படி, டெக்சஸில் சுமார் 11,500 கி.மீ. சாலையில் ஓட்டி, 100 என்று வைத்துக்கொண்ட டயரோடு ஒப்பிட்டுத் தரப்படும் தேய்மான எண் அது. எண் குறையக் குறைய ரப்பர் மென்மையானது என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆயினும் எண்ணைத் தீர்மானிப்பது தயாரிப்பாளரே என்பதால், ஒரு கம்பெனியின் 300ஐ இன்னொரு கம்பெனியின் 300ஓடு ஒப்பிடுவதில் பயனில்லை. அதன் அருகிலேயே உள்ள 'ட்ராக்ஷன்' எழுத்தும் நனைந்த தரையில் நேராக பிரேக் பிடிப்பதை மட்டுமே அளந்தது. வளைவில் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது சொல்லாது.

அளவை மாற்ற விரும்பினால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். உங்கள் 185/65 ஆர்15 டயரின் மொத்த விட்டம் ஏறத்தாழ 621 மி.மீ.; 16 அங்குல அலாய் ரிம்மில் 195/55 ஆர்16 போட்டால் அதுவும் ஏறத்தாழ 621 மி.மீ. வருகிறது, ஆகவே ஸ்பீடோமீட்டர் மாறாது, பக்கவாட்டு உயரமும் குறைந்து வளைவில் டயர் மடங்குவது குறையும். ரிம்மை மாற்றாமல் 195/60 ஆர்15 போட்டால் விட்டம் ஒரு சதவீதம் குறையும், அதுவும் ஏற்கத்தக்கதே. லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண்) கார் கையேட்டில் சொன்னதற்குக் குறையக் கூடாது. டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் குறிக்கும் எழுத்தில் 'எச்' மணிக்கு 210 கி.மீ., 'வி' 240 கி.மீ. வரை, உங்கள் கார் அந்த வேகத்தைத் தொடாது என்றாலும், அதிக வேகத்துக்கான டயர் சூட்டைத் தாங்கும்படி கட்டப்பட்டிருக்கும் என்பதால் 'எச்'சுக்குக் கீழே இறங்க வேண்டாம்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன்: முன்சக்கரங்கள்தானே காரை இழுக்கின்றன என்று முன்னால் மட்டும் இரண்டு புதிய டயர் போடாதீர்கள். வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பாரம் முன்னால் சாயும். பின்னால் பழைய டயர் இருந்தால் காரின் வால் சுழன்றுவிடும். நான்கும் ஒரே வகையாக, ஒரே வயதாக இருக்கட்டும்.

புதிய டயர் வாங்கிய கையோடு ட்ராக்குக்குப் போவதும் சரியன்று. முந்நூறு கி.மீ. அளவுக்காவது சாதாரணமாக ஓட்டிய பின்னரே அதன் மேற்பரப்பு சீராகும். எட்டு மி.மீ. உயரமுள்ள புதிய பட்டன் வளைவில் நெளிந்து சூடேறி ஓரங்களில் பிய்ந்துபோகவும் கூடும், நான்கைந்து மி.மீ. அளவுக்குத் தேய்ந்த டயர்தான் காய்ந்த ட்ராக்கில் உறுதியாக நிற்கிறது. ஆனால் உங்கள் நாள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வந்தால், தேங்கிய நீரை வெளியேற்ற ஆழமான பட்டனே வேண்டும்.

இனி காற்றழுத்தம். என் முதல் ட்ராக் டேயில், அழுத்தம் கூடினால் டயர் மடங்காது என்ற நண்பரின் சொல்லை நம்பி, காலையில் குளிர்ந்த டயரில் 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) அடித்துக்கொண்டு போனேன். இரண்டாவது செஷனின் (ஒரு முறை பாதையில் இறங்கி ஓட்டும் நேரம்) பாதியில் அது 47ஐத் தாண்டியிருக்கிறது. டயரின் நடுப்பகுதி மட்டுமே தரையைத் தொட, கார் வளைவின் வெளிப்பக்கமாக வழுக்கி மண்ணில் இறங்கி நின்றது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஆனால் அன்றிலிருந்து சொந்தமாக ஒரு நல்ல அளவுக் கருவி இல்லாமல் நான் போவதில்லை.

இப்போது நான் செய்வது இது. காலையில் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவையே வைத்துக்கொண்டு கிளம்புவேன். முதல் செஷன் முடிந்து பிட்டுக்குள் (பாதையோரம் கார்களை நிறுத்தும் இடம்) வந்தவுடன், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் நான்கையும் அளப்பேன், ஆறேழு பி.எஸ்.ஐ. ஏறியிருக்கும். என் காருக்குச் சூடான நிலையில் 36 முதல் 38 வரை பொருந்துகிறது, அதற்கு மேல் உள்ளதை இறக்கிவிடுவேன். டயரின் தோள்பட்டையில் (பட்டனும் பக்கவாட்டும் சேரும் ஓரம்) சாக்பீஸால் குறுக்கே கோடிட்டு அனுப்பினால், கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்பதே விடை சொல்லும்: பக்கவாட்டு வரை அழிந்திருந்தால் காற்று போதாது, தோள்பட்டையைத் தொடவே இல்லையென்றால் காற்று அதிகம். இருங்காட்டுக்கோட்டைப் பாதை 3.7 கி.மீ. நீளத்தில் வலஞ்சுழியாக ஓடுவது; எனவே பெரும்பாடு படுவது இடப்பக்க முன் டயர்தான். அதை மற்றவற்றைவிடக் கூர்ந்து பாருங்கள். செஷனின் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி டயரையும் பிரேக்கையும் ஆறவிடுங்கள்.

மாலையில் கிளம்புமுன் நான்கு டயர்களின் உட்புறப் பக்கவாட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள், வீல் நட்டுகளையும் மறுபடி முடுக்குங்கள். சூட்டில் இறக்கிய காற்று, டயர் ஆறியதும் முப்பதை ஒட்டி இறங்கிவிடும். பெங்களூரு நெடுஞ்சாலையில் ஏறுமுன் அதைப் பழைய அளவுக்கு நிரப்பிக்கொள்ளுங்கள்.