ஹெல்மெட்டுக்குள் ஸ்பொஞ் தடிப்பாக இருந்தால் தலைக்கு அதிகப் பாதுகாப்பா?

பைக் ஓடும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார், உள்ளே ஸ்பொஞ் மெத்தென்று தடிப்பாக இருக்கும் ஹெல்மெட்டை வாங்குவதுதானே நல்லது என்று.

இல்லை தம்பி. அந்த ஸ்பொஞ் தலைக்குச் சுகமாக இருப்பதற்கு. அடியை வாங்குவது அதற்குப் பின்னால் இருக்கும் ரெஜிபோம். டிவி பெட்டிக்குள் வரும் அதே இனம்தான், ஆனால் அடர்த்தி கூடியது.

உயர்தரப் பௌதிகவியல் போதும், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐரோப்பாவில் ஹெல்மெட்டுகளுக்கு முன்பு இருந்த 22.05 தரப் பரிசோதனையில் ஹெல்மெட்டை விநாடிக்கு 7.5 மீற்றர் வேகத்தில் இரும்பில் மோத விட்டார்கள். ஏறத்தாழ 2.9 மீற்றர் உயரத்திலிருந்து விழும் வேகம் அது. அந்த உயரத்தை, தலை நிற்பதற்கு எடுத்த தூரத்தால் வகுத்தால், தலை சராசரியாக எத்தனை ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல எத்தனை மடங்கு, தாங்குகிறது என்று வரும். ரெஜிபோம் 30 மில்லிமீற்றர் நசுங்கி நிறுத்தினால் 100 ஜிக்குக் கொஞ்சம் குறைவு. 3 மில்லிமீற்றரில் நின்றால் 950க்கு மேல். அந்தப் பரிசோதனையில் அனுமதித்த உச்சமே 275 ஜிதான்.

அப்படியென்றால் 30 மில்லிமீற்றர் ஸ்பொஞ்சும் அதே வேலையைச் செய்யாதா? செய்யாது. அது எதிர்ப்பே காட்டாமல் கடைசிவரை அமுங்கிவிடும். வேகம் குறையாமலே தலை ஹெல்மெட்டின் வெளிக் கோதில் போய் இடிக்கும். ரெஜிபோமைப் பெருவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். முதலில் விட்டுக்கொடுக்காது, பிறகு சட்டென்று குழி விழும், அந்தக் குழி திரும்பி எழாது. உள்ளேயுள்ள சின்னச் சின்னக் காற்றறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்குகின்றன. அப்படி நொறுங்கும்போது விசை பெரிதாக ஏறாமல் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நிற்கிறது. இந்தப் பொருளின் முழுப் பெறுமதியும் அதில்தான். அறைகள் எல்லாம் நொறுங்கி முடிந்ததும் விசை திடீரென்று ஏறும். அதற்குள் தலையின் வேகம் தீர்ந்திருக்க வேண்டும். அந்த மட்டம் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், தடிப்பு எவ்வளவு வேண்டும் என்று பார்ப்பதுதான் வடிவமைப்பு.

சரிவாக விழும்போது தலை முறுகித் திரும்புவதை நான் மேலே போட்ட கணக்குச் சொல்லாது. அதற்கு மூளையையும் சேர்த்துக் கணினியில் மாதிரி செய்ய வேண்டும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கப் போனால் கடைக்காரரிடம் கேட்டு உட்துணியைக் கழற்றிப் பாருங்கள். பக்கங்களிலும் நெற்றியிலும் ரெஜிபோம் இருக்கிறதா, இல்லை வெறும் கோதும் ஸ்பொஞ்சும்தானா? காலி வீதியில் அப்படி வெறும் கோதைப் போட்டுக்கொண்டு பிள்ளையை முன்னால் இருத்திப் போகிறவர்களைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டையும் திரும்பப் பாவிக்காதீர்கள். வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே அறைகள் நொறுங்கியிருக்கும், அடுத்த அடிக்கு அந்த 30 மில்லிமீற்றர் மிச்சம் இருக்காது.