முழங்கால் காயத்தை ஏன் மறைத்தான்?

கேள்வி: வணக்கம் மேடம். என் மகனுக்கு நான்கு வயது. எதற்கெடுத்தாலும் அழுகை. நீல டம்ளர் கேட்டுப் பச்சை டம்ளர் வந்தால் அழுகை. சட்டையைத் தலைவழியே மாட்டினால் அழுகை. லிஃப்ட் பொத்தானை வேறு யாராவது அமுக்கிவிட்டால் தரையில் விழுந்து புரளுகிறான். குழந்தையின் உணர்வை மதித்துப் பேச வேண்டும் என்று படித்ததிலிருந்து அப்படியே செய்கிறேன். 'உனக்குக் கோபமா இருக்கு, அம்மாவுக்குப் புரியுது. ஆனா இதுக்கெல்லாம் அழலாமா?' என்று பொறுமையாகத்தான் கேட்கிறேன். இன்னும் உரக்கக் கத்துகிறான். ஏன் அழுகிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாலும் பதில் இல்லை.

நான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறேன் என்கிறார் கணவர். மாமியாரும் அதையேதான் சொல்கிறார். அவர்கள் அதட்டினால் உடனே அடங்குகிறான். இவ்வளவு பொறுமையாக இருக்கும் என்னிடம்தான் ஆட்டம் காட்டுகிறான். அழாமல் இருந்தால் இரவில் கூடுதலாக ஒரு கதை என்று சொல்லிப் பார்த்தேன். அதில் கொஞ்சம் பலன் தெரிகிறது. போன வாரம் சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலில் ரத்தம் வந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. குளிப்பாட்டும்போதுதான் பார்த்தேன். 'நான் அழவே இல்லையே, நான் சமர்த்து' என்றான். அந்த அளவுக்காவது தேறியிருக்கிறான். ஆனால் டம்ளருக்கும் சட்டைக்கும் அழுவது நிற்கவில்லை. என் பொறுமைக்கு மதிப்பே இல்லையா? நான் இன்னும் என்னதான் செய்ய வேண்டும்?

பதில்: அன்புத் தோழி, டம்ளரும் சட்டையும் இருக்கட்டும். முதலில் அந்த முழங்காலைப் பற்றிப் பேச வேண்டும். ரத்தம் வந்தும் நான்கு வயதுப் பிள்ளை அம்மாவிடம் ஓடி வரவில்லை. அதைத் தேறியிருக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த வரி அதுதான். அவனுக்கு வலித்திருக்கும். வலியைக் காட்டினால் கதையும் போகும், சமர்த்து என்ற பெயரும் போகும் என்றுதான் அடக்கிக்கொண்டிருக்கிறான். நாளை யாராவது அவனை மிரட்டினாலோ, தொடக் கூடாத இடத்தில் தொட்டாலோ, அதையும் மறைக்கக்கூடும். அதனால் அந்தக் கூடுதல் கதைப் பேரத்தை இன்றே விடுங்கள். கதை, அழுத நாளிலும் உண்டு.

உங்கள் பொறுமையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தப் பொறுமை முழுவதும் அவன் அழுகையை நிறுத்துவதற்காகவே செலவாகிறது. 'புரியுது' என்றதும் 'ஆனா' வருகிறது. அடுத்து வரப்போவது கண்டிப்புதான் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் 'புரியுது' என்றதுமே கத்துகிறான். 'ஏன் அழுற?' என்பதற்கும் அவனிடம் விடை இல்லை. கொதிப்பின் உச்சத்தில் காரணத்தைத் தேடிச் சொல்ல அந்த வயதில் முடியாது, கேட்கக் கேட்கக் கொதிப்புதான் நீளும்.

அந்த நேரத்தில் வார்த்தையைக் குறையுங்கள். அவன் கண் உயரத்துக்கு இறங்கி, ஒரு கை தூரத்தில் உட்காருங்கள். ஒரே ஒரு வாக்கியம் போதும்: 'நீல டம்ளர்லதான் குடிக்கணும்னு இருந்த, அது கிடைக்கல.' கோபம் என்று பெயர் வைப்பதைவிட, அவன் எதை இழந்தான் என்று சொல்வது சிறு பிள்ளைக்குச் சீக்கிரம் எட்டும். பிறகு பேசாமல் இருங்கள். கத்தலிலும் உதைப்பதிலும் இருக்கும் கோபம் பெரும்பாலும் முதலில் தணியும், தேம்பல் மிஞ்சும். கத்தும்போது அணைத்தால் தள்ளிவிடுவான், மனம் நோகாதீர்கள். தேம்பத் தொடங்கியதும் கையை நீட்டுங்கள், வருவான். பெரும்பாலான அடங்கள் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஐந்து நிமிடம் அருகில் இருப்பதுதான் உங்கள் வேலை.

செல்லம் என்ற புகாருக்கு: பச்சை டம்ளரை மாற்றித் தர வேண்டியதில்லை. அழுகையை ஏற்பது வேறு, கேட்டதைக் கொடுப்பது வேறு. குழந்தையின் உணர்வைப் பெற்றோர் எப்படிக் கையாள்கிறார்கள் என்று 1990-களில் எழுதிய அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், உணர்வை ஏற்றுக்கொண்டு எல்லை எதுவும் வைக்காத பெற்றோரைத் தனி வகையாகவே பிரித்தார். அவர் பரிந்துரைத்த வழியில் எல்லை வகுப்பதும் ஒரு படி. அடிக்க வந்தால் கையைப் பிடித்து, 'அடிக்க விடமாட்டேன்' என்று சொல்லுங்கள். அங்கே குரல் கெஞ்சக் கூடாது.

அதட்டினால் அடங்குகிறான் என்பதை வைத்து உங்களை நீங்களே குறைத்து எடை போடாதீர்கள். டம்ளருக்காவது உங்கள் முன்னால் அழுகிறானே, அந்த நம்பிக்கை இன்னும் மிச்சமிருக்கிறது. அழுகை எத்தனை முறை வந்தது என்று பார்க்காதீர்கள். அதை உங்களிடம் கொண்டு வருகிறானா என்று பாருங்கள்.

முழங்கால் விஷயத்தைச் சும்மா விடாதீர்கள். அவன் அமைதியாக விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, 'அன்னிக்கு விழுந்தப்போ வலிச்சிருக்கும். வலிச்சா அழுதுக்கிட்டே அம்மாகிட்ட வரலாம்' என்று மட்டும் சொல்லுங்கள். ஏன் மறைத்தாய் என்று விசாரிக்க வேண்டாம். இனி அழாததற்காக அவனைச் சமர்த்து என்று பாராட்டாதீர்கள், வீட்டில் மற்றவர்களிடமும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலி என்று வந்து நின்றால், 'எங்கிட்ட சொன்னது நல்லது' என்று சொல்லுங்கள்.

சில வாரங்கள் அழுகை கூடலாம். அடக்கி வைத்தது வெளியே வருகிறது, பதறாதீர்கள். ஆனால் அடம் அடிக்கடி 25 நிமிடத்துக்கு மேல் நீண்டாலோ, தலையை மோதித் தன்னையே காயப்படுத்திக்கொண்டாலோ, மூச்சை அடக்கி மயங்கினாலோ, குழந்தை நல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள்.