ரேடியேஷன் தேதி வரவில்லை என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா, மார்புப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரமாகியும் ரேடியேஷனுக்குக் கூப்பிடவில்லை, கட்டி திரும்பிவிடுமோ என்று கேட்டிருந்தீர்கள். கீமோ இல்லை என்றீர்களே, அப்படியென்றால் பொதுவாக 4 முதல் 8 வாரத்துக்குள் தொடங்குவார்கள், புண் ஆறாமல் தொடங்கவும் முடியாது, அதனால் பயப்படாதீர்கள். ஆனால் சும்மா இருக்க வேண்டாம். தென்காசியிலிருந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை நேரில் போய்த் தேதி வாங்குங்கள், எனக்கு போனில் "கூப்பிடுதோம்" என்று சொல்லியே இரண்டு வாரம் ஓட்டிவிட்டார்கள்.

அப்புறம் கை! ரேடியேஷன் எங்கே கொடுக்கணும் என்று குறிக்க முதலில் எடுக்கும் பிளானிங் ஸ்கேனில் கையைத் தலைக்கு மேல் தூக்கி அசையாமல் படுக்கணும். எனக்குத் தோளுக்கு மேல் எழும்பவே இல்லை, டாக்டரிடம் கேட்டுவிட்டு அடுக்களைச் சுவரில் விரலாலேயே ஏறி ஏறி, எட்டின இடத்தில் கரிக்கோடு போட்டுத்தான் சரியானது. தையலில் வீக்கமோ கசிவோ இருந்தால் அன்றே காட்டுங்கள், எண்ணெய் மஞ்சள் எதுவும் தடவாதீர்கள்.