மட்டக்களப்புக் கல்லடியில் வயதான பெற்றோர் தனியே இருக்கும் வீட்டுக்கு நிலம் கூட்டும் ரோபோ சரிவருமா?

வெளிநாட்டிலிருந்து ஒன்று அனுப்பலாமா, அம்மா அப்பா அதற்குப் பழகுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் மெசினைத் தெரிவுசெய்ய முன் வீட்டு நிலைப்படிகளை அளந்து சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலான மெசின்கள் 2 சென்ரிமீற்றர் வரைதான் ஏறும். அதற்கு மேல் மரநிலை இருந்தால் அது ஹோலோடு நின்றுவிடும். 3, 4 கிலோ மெசினை அறைக்கு அறை குனிந்து தூக்குவது அவர்களுக்குக் கூடுதல் வேலை.

அடுத்தது மணல். கடற்கரைப் பக்கத்து முற்றத்து மணல் காலோடு உள்ளே வந்துவிடும். பக்கவாட்டுத் தூரிகை வேகமாகச் சுற்றினால் அதை அள்ளாமல் சுவரோரம் தெறிக்கும். தூரிகைக்கு வேகக் குறைப்பு இருந்தால் அதைப் போடுங்கள். ஈரத்துணி பூட்டித் துடைக்கும் வகையென்றால், முதலில் உறிஞ்சி முடித்த பிறகே துடைக்க விட வேண்டும். துணிக்கடியில் மணல் சிக்கினால் டைல்ஸில் கீறு விழும். கழுவிய வடிகட்டியை ஒரு நாள் முழுக்க உலரவிட்டே திரும்பப் பூட்டலாம்; ஈரத்தோடு பூட்டினால் தூசு களியாக ஒட்டி, உறிஞ்சுவது குறையும். வாசலில் கிடக்கும் தும்புக் கால்மிதியை எடுத்துவிடுங்கள். அதன் நார் தூரிகையின் அச்சில் நூல்கண்டு போலச் சுற்றி இறுகும். ஆணியைக் கழற்றிக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்கலாம்.

கறுப்பு டைல்ஸ் இருந்தால் கவனம். படியைக் கண்டறியும் அகச்சிவப்பு உணரிக்குக் கறுப்பு நிலமும் பள்ளமாகத் தெரியும், மெசின் பின்வாங்கும். அதற்காக உணரியை மறைத்து ஒட்டினால் விறாந்தைப் படியில் உருண்டு விழும்.

கரண்ட் போனால் சார்ஜ் மேடை சைகை அனுப்பாது. ரோபோ அதைத் தேடி அலைந்து பற்றரி தீர்ந்து நிற்கும். கையால் கொண்டுபோய் வைக்க வேண்டும். மாரிகால இடிமின்னலுக்குப் பிளக்கைக் கழற்றப் பழக்குங்கள். பல மெசின்கள் வைஃபையில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும்.

இனி மனிதர்கள். முதல் வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை யாராவது கூட இருக்கட்டும். போனில் தொடங்கிக் காட்டாதீர்கள். மெசினின் மேலுள்ள பொத்தானை அம்மாவே அழுத்தி நிறுத்தட்டும். ஓடும்போது தூக்கினால் சக்கரம் தானாக நிற்பதையும் கையில் பிடித்துப் பார்க்கட்டும். அந்த இரண்டும் தெரிந்தால் பயம் பாதி போய்விடும். கமெரா இல்லாத, லேசரால் வரைபடம் எடுக்கும் வகையே நல்லது. உதவிக்கு வரும் அக்காவுக்கும் வீட்டுப் பெண்களுக்கும் அது நிம்மதி.

உண்மையான ஆபத்து கால் தடக்கி விழுவதுதான். மெசின் 10 சென்ரிமீற்றர் உயரம்தான், கண்பார்வை குறைந்தவருக்குத் தெரியாது. இருவரும் கதிரையில் இருக்கும் காலை நேரத்துக்கு வையுங்கள். மதியம் பாயில் படுக்கும் நேரமும் இரவும் வேண்டாம். ஒரு மாதம் போயும் அது வரும்போதெல்லாம் அம்மா காலைத் தூக்கிக் கதிரையில் வைத்தால், கதவு சாத்திய ஓர் அறையில் மட்டும் ஓட விடுங்கள்.