இரண்டாம் பாகம் ஏன் சப்பென்று போகிறது?

கேள்வி: ‘எந்திரன்’ தந்த நிறைவை ‘2.0’ தரவில்லை. வசனம் எழுதிய எழுத்தாளர் சுஜாதா இல்லாததுதான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள். சரியா?
– வாசகர், கொக்குவில்

பதில்: சுஜாதா 2008இல் மறைந்தார். அவருடைய வசனக் கூர்மை ‘2.0’இல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த இடத்துக்கு வந்த ஜெயமோகனும் லேசுப்பட்ட எழுத்தாளர் அல்லர். பிழை கதையின் கட்டுமானத்தில் இருக்கிறது.

‘எந்திரன்’ (2010) தீ விபத்துக் காட்சியை இன்னொருமுறை பாருங்கள். குளித்துக்கொண்டிருந்த பெண்ணைச் சிட்டி என்ற இயந்திர மனிதன் அப்படியே தூக்கிவந்து சனத்துக்கும் கமராவுக்கும் முன்னால் நிற்கிறது. உயிரைக் காப்பாற்றத் தெரிந்த அதற்கு மானம் என்றால் என்னவென்று தெரியாது. கூனிக்குறுகி ஓடும் அந்தப் பெண் வாகனத்தில் அடிபட்டு இறக்கிறாள். அதனால்தான் சிட்டியை உருவாக்கிய விஞ்ஞானி வசீகரன் அதற்கு உணர்ச்சியைப் புகட்டுகிறார். உணர்ச்சியால் காதல், காதலால் உடைக்கப்படுதல், உடைந்த துண்டுகளுக்குள் அதை அழிவுக்குத் திருப்பும் சிவப்புச் சிப். முழுக் கதையும் இயந்திரத்தின் ஒரு குறையிலிருந்தே முளைக்கிறது. கடைசியில் சிட்டி தன்னைத் தானே கழற்றிவைக்கும்போது மனம் கனப்பது இதனால்தான்.

‘2.0’ (2018) அந்த இழப்பை ஓர் அரசாங்க அனுமதியோடு இல்லாமல் செய்துவிடுகிறது. கைத்தொலைபேசிகள் பறக்கின்றன, சிட்டியை மறுபடி பூட்டுகிறார்கள், சண்டை தொடங்குகிறது. சிட்டி புதிதாகக் கற்பதற்கோ இழப்பதற்கோ ஒன்றுமில்லை. உண்மையான துயரம், கைத்தொலைபேசிக் கோபுரங்களால் பறவைகள் அழிகின்றன என்று போராடி இறந்த பக்ஷிராஜனிடம் இருக்கிறது. படம் அவருக்கு வாதத்தால் பதில் சொல்லாமல் அடித்து வீழ்த்துகிறது. முதற்படத்தில் எல்லாமே கணினி நிரலால் நடந்தன. இங்கே இறந்தவரின் ஆவியும் பறவைகளின் ஆவியும் ஒன்றுசேர்கின்றன. என்ன விஞ்ஞானப் பெயர் வைத்தாலும் அது பேய்க்கதைதான். கோபுரக் கதிர்வீச்சுத்தான் சிட்டுக்குருவிகளை அழித்தது என்பதும் நிறுவப்பட்ட விஷயம் அல்ல.

கேள்வி: அப்படியென்றால் இரண்டாம் பாகமே கூடாதா? எங்கள் 15 நிமிடக் குறும்படத்துக்குத் தொடர்ச்சி எழுதிக்கொண்டிருக்கிறோம்.
– வாசகி, பருத்தித்துறை

பதில்: தாராளமாக எழுதுங்கள். ஹொலிவூட் படத்தில் 1984இல் கொல்ல வந்த ‘டெர்மினேட்டர்’ இயந்திர மனிதனின் அதே உருவம் 1991இல் காக்க வந்தது. ஆளைக் கொல்லாதே என்று ஒரு சிறுவன் அதற்குக் கட்டளையிடுகிறான். தன்னைத் தானே அழித்துக்கொள்ள அதன் நிரல் விடாது. ஆகவே உருகிய உலோகத்துக்குள் அதை இன்னொருவர் இறக்கவேண்டியிருக்கிறது. அந்த விதியை மீறாததால்தான் நமக்குக் கண் கலங்குகிறது. 2003இல் வந்த மூன்றாம் படமோ, தடுத்ததாக நினைத்த பேரழிவு தள்ளிப்போனது மட்டுமே என்று சொல்லி முந்தைய தியாகத்தை வீணாக்கிவிட்டது.

முதற் பாகத்தில் உங்கள் இயந்திரத்தால் செய்யமுடியாதவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். தக்க காரணம் காட்டாமல் அவற்றில் ஒன்றையும் வெட்டாதீர்கள். எழுத்துப்பிரதியில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். அந்தக் கணக்கில் புதுச் சிக்கல் மூன்றாம் பக்கத்துக்குள் வரவேண்டும், அதுவும் பழைய முடிவின் விளைவாகவே வரவேண்டும். வெளியிலிருந்து புது வில்லனை இறக்கினால் அது வேறு படம். அதற்கு வேறு தலைப்பு வைத்துவிடலாம்.

கேள்வி: முப்பரிமாணத்தில் பார்த்தால் படம் ஏன் இருட்டாக இருக்கிறது?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: முப்பரிமாணப் படத்துக்கு அணியும் முனைவாக்கக் (polarised) கண்ணாடி ஒவ்வொரு கண்ணுக்கும் வரும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் மறித்துவிடும். புரொஜெக்டர் விளக்கும் பழசென்றால் கேட்கவே வேண்டாம். உருவங்கள் இரட்டையாகத் தெரிந்தால், அந்த முறைக்கு வேண்டிய வெள்ளிப்பூச்சுத் திரை அங்கே இல்லாதிருக்கலாம். நடுவில் இருக்கை எடுத்து, தலையைச் சாய்க்காமல் பாருங்கள்.