காணொளி பார்க்காமல் வருகிறார்கள்: தலைகீழ் வகுப்பை எப்படி நடத்துவது?

கேள்வி: முதலாண்டு உயிரியலில் 60 பேர். பாடத்தை வீட்டில் காணொளியாகப் பார்த்துவிட்டு, வகுப்பில் பயிற்சி செய்யும் தலைகீழ் முறையை முயன்றேன். மியாசிஸ் (இனச்செல்களை உருவாக்கும், இரண்டு பிரிவுகள் கொண்ட செல் பிரிதல்) பாடத்துக்கு 40 நிமிடக் காணொளியை முந்தின நாளே அனுப்பினேன். பாதிப் பேர் பார்க்கவில்லை. கடைசியில் நானே முழுப் பாடத்தையும் நடத்தினேன். எங்கே தவறு?

பதில்: மறுபடி நடத்தினீர்களே, அங்கேதான். பார்த்து வந்தவருக்கு அந்த மணி நேரம் வீண். பார்க்காதவருக்கோ, இனியும் பார்க்க வேண்டாம் என்பது உறுதியாகிவிட்டது.

காணொளியை 7 நிமிடத் துண்டுகள் இரண்டாகச் சுருக்குங்கள். புரோஃபேஸின் (பிரிதலின் தொடக்கக் கட்டம்) உட்பிரிவுப் பெயர்கள் புத்தகத்திலேயே இருக்கட்டும். கூடவே 4 கேள்விகள் அனுப்பி, முந்தின இரவுக்குள் விடை வாங்குங்கள். அகமதிப்பீட்டில் சிறிதாவது மதிப்பெண் கொடுங்கள். ஒரு கேள்வி கட்டாயம் இதுவாக இருக்கட்டும்: மனித செல்லில் டி.என்.ஏ. இரட்டித்தபின் குரோமோசோம்கள் எத்தனை? 92 என்று எழுதுவார்கள். 92 என்பது குரோமாடிட்களின், அதாவது இரட்டித்த குரோமோசோமில் உள்ள இரு இழைகளின் கணக்கு; அவை இணையும் இடமான சென்ட்ரோமியரை எண்ணினால் குரோமோசோம் 46தான். வகுப்பின் முதல் 5 நிமிடம் அதிகம் தவறிய கேள்விக்கு மட்டும்.

பார்க்காமல் வந்தவர்கள் பின்வரிசையில் கைபேசியில் பார்த்துவிட்டுக் குழுவில் சேரட்டும். அவர்களுக்காகப் பாடத்தைத் திரும்ப எடுக்காதீர்கள்.

அடுத்த 25 நிமிடம் கம்பளி நூல். நால்வருக்கு ஒரு குழு, மொத்தம் 15. ஒவ்வொரு குழுவுக்கும் சிவப்பில் 20 செ.மீ. இரண்டு, 10 செ.மீ. இரண்டு, நீலத்திலும் அப்படியே. நிறத்துக்கு 10 மீட்டர் வாங்கினால் போதும். ஒரே நிறம், ஒரே நீளம் உள்ள இரண்டை நடுவில் முடிந்தால் இரட்டித்த குரோமோசோம். நுனியை வெட்டி நிறம் மாற்றிக் கட்டினால் குறுக்கே கலத்தல். முதல் பிரிவிலேயே முடிச்சை அவிழ்க்கும் குழு நிச்சயம் இருக்கும். சகோதரிக் குரோமாடிட்களையும் (ஒரே முடிச்சில் உள்ள இரு நூல்கள்) ஒத்திசைவு இணையையும் (ஒரே நீளமுள்ள சிவப்பு, நீல ஜோடி) ஒன்றாக நினைத்ததால் வரும் பிழை அது. விரிவுரையில் உங்கள் கண்ணுக்கே படாது. இங்கே மேசைமேல் கிடக்கும். திருத்திவிடாமல், "இப்போது எந்த இணை பிரிந்தது?" என்று மட்டும் கேளுங்கள்.

மீதி நேரத்துக்கு ஒரு புதிர். 2n=4 உள்ள, அதாவது நான்கு குரோமோசோம்கள் கொண்ட செல்லிலிருந்து வந்த நான்கு கேமீட்களில் (இனச்செல்களில்) குரோமோசோம்கள் 3, 3, 1, 1. பிழை எந்தப் பிரிவில்? முதல் பிரிவில். இரண்டாவதில் ஒரு செல் மட்டும் தவறியிருந்தால் 2, 2, 3, 1 வந்திருக்கும். நூலை நகர்த்தியே கண்டுபிடிக்கட்டும்.

"நீங்களே நடத்திடுங்க சார்" என்ற முணுமுணுப்பு எழும். விட்டுக்கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக உயிரியல் வகுப்புகளில் தலைகீழ் முறையையும், வகுப்பிலேயே செயல்வழி கற்பிக்கும் முறையையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வில் இரண்டும் சமமாகவே பலன் தந்தன. கற்றல் நிகழ்வது செய்து பார்க்கும்போதுதான். காணொளி அதற்கு நேரம் ஒதுக்கித் தரும் வழி. அதனால் உங்கள் உழைப்பில் பெரும்பங்கு ஒளிப்பதிவுக்கு அல்ல, நூலுக்கும் புதிருக்கும் போகட்டும்.

முதல் பருவத்தில் மூன்று பாடங்கள் போதும். மியாசிஸ், புரத உற்பத்தி, மரபுக் கணக்குகள்: மாணவர் வழக்கமாக இடறும் இடங்கள் இவை.