மாடிப்படியில் நின்றுவிடும் லேப்ரடார்

செல்லப் பிராணிகள்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர்களின் பதில்கள்

இந்த இதழுக்குத் தமிழ்நாடு, கேரள எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். நாய்க்கு வயதாகிவிட்டது, குண்டாகிவிட்டது, நடக்க மாட்டேன் என்கிறது. ஏறக்குறைய எல்லாக் கடிதமும் இதைத்தான் சொல்கிறது.

கொழிஞ்சாம்பாறை வாசகி: எங்கள் லேப்ரடாருக்கு 10 வயது. பெண் நாய், கருத்தடை செய்தாகிவிட்டது. எடை 38 கிலோ. போன வருஷம் வரை மாடிக்குத் தாவி ஏறியவள், இப்போது மூன்றாவது படியிலேயே நின்றுவிடுகிறாள். காலையில் பால் ஊற்றி 4 இட்லி, மதியம் சோறும் கோழியும், சாயங்காலம் 8 மாரி பிஸ்கட், ராத்திரி தயிர்சாதம். இதைக் குறைத்தால் பசியில் கத்துகிறாள். மூட்டுக்கு என்ன மருந்து கொடுக்கலாம்?

மருந்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் தட்டைப் பார்ப்போம்.

நீங்கள் எழுதியதைக் கணக்குப் போட்டால்: 4 இட்லி 200 கலோரி, ஒரு டம்ளர் பால் 130, மதியச் சோறு 400 கிராம் என்றால் 520, கோழி 100 கிராம் 165, பிஸ்கட் 180, ராத்திரிச் சோறு 300 கிராம் 390, தயிர் 60. மொத்தம் 1,650 தொடுகிறது. குழம்பில் மிதக்கும் எண்ணெய் இதில் சேராது. ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் மட்டுமே 120 கலோரி.

அவளுக்கு இருக்க வேண்டிய எடை சுமார் 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அந்த எடையில் சும்மா படுத்திருக்கும் நாய்க்குத் தேவையானது நாளொன்றுக்கு 900 கலோரி. எடையைக் குறைக்க நாங்கள் தொடங்கும் அளவும் அதுதான். கருத்தடை செய்த நாய்க்குத் தேவை கால் பங்கு வரை குறைந்துவிடும், பசி மட்டும் குறையாது. லேப்ரடாருக்கு இன்னொரு வம்பும் உண்டு. 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இந்த இனத்தில் ஒரு மரபணுக் குறைபாட்டைக் கண்டுபிடித்தார்கள். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. அவர்கள் பார்த்த லேப்ரடார்களில் நாலில் ஒன்றுக்கு அது இருந்தது. ஆகவே கத்துவதை வைத்து 'பாவம், பட்டினி' என்று முடிவு செய்யாதீர்கள்.

அதற்காக இப்போதைய சாப்பாட்டையே பாதியாக்கி வைத்தால் அதுவும் தவறு. அரிசியோடு புரதமும் பாதியாகும். கொழுப்போடு சேர்ந்து பின்னங்கால் சதையும் கரையும். மூட்டைப் பிடித்து நிறுத்துவதே அந்தச் சதைதான். அரிசியைக் குறைத்து, இறைச்சியை ஏற்ற வேண்டும். ஒரு நாளைக்கு:

வேகவைத்த தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி 250 கிராம் (வெந்த பிறகு எடை). சோறு 150 கிராம், அதற்கு மேல் வேண்டாம். பூசணி, பீன்ஸ், சுரைக்காய் ஏதாவது வேகவைத்து 250 கிராம். முட்டை ஒன்று. மத்தி மீன் 50 கிராம், குக்கரில் முள் நசுங்கும் அளவுக்கு வேகவிட்டது. இவ்வளவும் சேர்ந்து 850 கலோரிக்குப் பக்கத்தில் வரும். மீதி 50-ஐ வெள்ளரித் துண்டு, கேரட் என்று தீனிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தத்தையும் மூன்று வேளையாகப் பிரித்தால் கத்தல் குறையும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு ஒரு சொட்டும் கூடாது. இரண்டும் நாயின் ரத்த அணுக்களை உடைக்கும்.

கோழியும் சோறும் மட்டும் என்றால் சுண்ணாம்புச் சத்து போதாது. முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மிக்ஸியில் மாவாகப் பொடித்து, தலைதட்டிய தேக்கரண்டி ஒன்றை நாள் சாப்பாட்டில் பிரித்துக் கலக்குங்கள். துத்தநாகம், தாமிரம், வைட்டமின் ஈ இவற்றுக்கு மருத்துவர் எழுதித் தரும் கலவைப் பொடி வேண்டும். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் எடைக் குறைப்புக்கென்றே விற்கும் உலர்தீனி இருக்கிறது. 100 கிராமுக்கு 320 கலோரி என்று பையில் போட்டிருந்தால், நாளைக்கு 280 கிராம். கப்பால் அளக்காதீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே கப்பில் அள்ளினாலும் அளவு மாறும். மளிகைச் சாமான் நிறுக்கும் சின்னத் தராசு போதும்.

காலையிலேயே அன்றைய தீனி முழுவதையும் ஒரு டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்குக் கடை மூடியாச்சு. பாட்டி கொடுக்கும் பிஸ்கட்தான் பெரும்பாலான வீடுகளில் இந்தக் கணக்கைக் கவிழ்ப்பது. அவரோடு சண்டை போடாமல், கையில் வெள்ளரித் துண்டைக் கொடுத்துவிடுவது நல்லது.

வாரத்துக்கு உடல் எடையில் 1 சதவீதம், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கினால் சரியான வேகம். 8 கிலோ இறங்க ஐந்தாறு மாதம் ஆகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வெறும் வயிற்றில், ஒரே தராசில் நிறுங்கள். பெரிய நாய்க்கு வீட்டுத் தராசு ஒத்துவராது. தேங்காய் மண்டியின் மேடைத் தராசு துல்லியமாகவே காட்டும். இரண்டு முறை நிறுத்தும் எடை அசையாவிட்டால் தீனியை 10 சதவீதம் குறையுங்கள். வாரம் 2 சதவீதத்துக்கு மேல் இறங்கினால் கூட்டுங்கள்.

தராசு இல்லாத நாளில் விலாவைத் தடவிப் பாருங்கள். உள்ளங்கையைத் தரையில் விரித்து, அதன் மேல்புறத்தை மறுகை விரலால் தடவினால் எலும்பு எப்படித் தட்டுப்படுகிறதோ, விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு அதிகம்.

இனி மூட்டு. நாயின் எடையில் 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. படி இறங்கும்போது இன்னும் அதிகம். தவிர, கொழுப்பு வெறும் சுமையல்ல. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அதுவே சுரக்கிறது. அதனால்தான் மொத்த எடையில் 6 முதல் 8 சதவீதம் இறங்கினாலே நொண்டல் கண்ணுக்குத் தெரிந்து குறைகிறது. உங்கள் நாய்க்கு அது இரண்டரை, மூன்று கிலோதான். அந்த அளவு இறங்கிய பிறகு வலி மருந்து எவ்வளவு தேவை என்று பார்த்தால், பல நாய்களுக்குத் தொடக்கத்தில் கொடுத்ததைவிடக் குறைவாகவே போதும். இப்போதே வலியில் சாப்பாட்டுத் தட்டுக்குக்கூட எழ மறுக்கிறாள் என்றால் காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ரே எடுத்து, சிறுநீரகம், கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்த்து மருந்தைத் தொடங்கலாம். உங்கள் ஊரிலிருந்து மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒரே நாளில் போய் வந்துவிடலாம்.

புளியரை வாசகர்: தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் எங்கள் 11 வயது ஆண் நாய் காலையில் எழவே திணறுகிறது. கொஞ்சம் நடந்தால் சரியாகிவிடுகிறது. மழை நாளில் நடக்க விடலாமா? வீட்டில் டைல்ஸ் தரை.

எழும்போது விறைப்பு, நடந்ததும் தளர்வு என்பது தேய்ந்த மூட்டின் அடையாளம். நடக்க விடத்தான் வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் மழை என்று படுக்கப் போட்டால் ஆவணியில் இன்னும் இரண்டு கிலோ கூடியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் நடத்துவதைவிட, தினம் இரண்டு மூன்று தடவை பத்துப் பத்து நிமிடம் நல்லது. ஐந்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். கயிறு பிடித்து, ஒரே சீரான நடை. மறுநாள் காலை விறைப்பு கூடியிருந்தால் நேற்று நடந்தது அதிகம் என்று அர்த்தம். பழைய அளவுக்கு இறங்குங்கள். பந்து எறிந்து துரத்த விடுவதை நிறுத்திவிடுங்கள். சட்டென்று நின்று திரும்புவதுதான் மூட்டைக் கெடுக்கும். மழை விட்டு வெயில் ஏறும் மாதங்களில் காலை 7 மணிக்கு முன், மாலை இருட்டும் நேரத்தில் மட்டும். குண்டு நாய்க்கு வெயில் தாக்கினால் உயிருக்கே ஆபத்து.

டைல்ஸ் தரை, எங்களைக் கேட்டால், மழையைவிடப் பெரிய எதிரி. பின்னங்கால் விலகி வழுக்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பு இழுபடுகிறது. படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டி வரை, அங்கிருந்து வாசல் வரை, நடுவில் இடைவெளி விடாமல் கயிற்றுப் பாய் விரியுங்கள். ஆலப்புழைக் கயிற்றுப் பாயில் அடிப்பக்கம் ரப்பர் ஒட்டியதாக வாங்குங்கள். ரப்பர் இல்லாதது நாயோடு சேர்ந்து தானும் வழுக்கும். பாதத்துக்கு அடியில் விரலிடுக்கில் வளர்ந்த மயிரைக் கத்தரியுங்கள். நிற்கும்போது நகம் தரையைத் தொடக் கூடாது. நான்கு அங்குல அடர்ந்த ஸ்பாஞ்ச் மெத்தை ஒன்று போடுங்கள், ஈரச் சாக்கு வேண்டவே வேண்டாம்.

களியக்காவிளை வாசகர்: எனக்கு முட்டுவலிக்குத் தடவும் கற்பூராதி தைலத்தை நாய்க்கும் தடவலாமா? மெடிக்கலில் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

மூன்றும் வேண்டாம். தைலம் மயிரில்தான் ஒட்டும், அரை மணியில் நாய் நக்கிவிடும். கற்பூரம் நாய்க்கு வலிப்பு வரவழைக்கக் கூடியது.

டைக்ளோஃபெனாக் நாயின் வயிற்றில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். அந்த மருந்து ஏறிய மாட்டுப் பிணங்களைத் தின்று பிணந்தின்னிக் கழுகுகள் செத்ததால் 2006-லேயே கால்நடைக்கு அது தடை செய்யப்பட்டது. பாராசிட்டமால் அளவு தப்பினால் கல்லீரலையும் ரத்தத்தையும் தாக்கும். ஐபுபுரூஃபென் இன்னும் மோசம். நாய்க்கென்றே மெலோக்சிகாம், கார்புரோஃபென் போன்றவை உண்டு. எடை பார்த்து மருத்துவர் அளவு சொல்வார். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். வாந்தி, கறுத்த மலம், சாப்பாடு மறுப்பு வந்தால் அன்றே நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லுங்கள். முக்கியமானது: தோல் அரிப்புக்கு ஏற்கெனவே பிரெட்னிசலோன் கொடுத்துக்கொண்டிருந்தால் அதைச் சொல்லாமல் விடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குடலில் ஓட்டை விழலாம். அந்த மாத்திரை பசியைக் கிளப்பி எடையையும் ஏற்றும்.

கை சும்மா இருக்காது என்றால் உப்பு ஒத்தடம் கொடுங்கள். கல் உப்பைத் துணியில் கட்டி, சூடாக்கி, உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மூட்டில் பத்து நிமிடம், நடைக்கு முன்னால். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் ஒத்தடம் கூடாது.

ஆனைமலை வாசகி: 8 வயது காக்கர் ஸ்பானியல். சாப்பாடே கொஞ்சம்தான், ஆனாலும் ஊதிக்கொண்டே போகிறது. தைராய்டாக இருக்குமா?

இருக்கலாம், இந்த இனத்தில் அது உண்டு. வாலில் மயிர் உதிர்ந்து மொட்டையாவது, இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி மயிர் மெலிவது, எந்நேரமும் தூக்கம், வெயிலைத் தேடிப் போய்ப் படுப்பது இருந்தால் ரத்தத்தில் டி4, டி.எஸ்.எச். என்ற இரண்டு தைராய்டு அளவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டி4 மட்டும் பார்த்து முடிவு கட்டக் கூடாது. வேறு நோயில் கிடக்கும் நாய்க்கும் அது குறைந்து காட்டும். தண்ணீர் அளவுக்கு மேல் குடித்து, வயிறு தொங்கினால் வேறொரு சுரப்பிக் கோளாறையும் தேட வேண்டும்.

ஆனால் உங்கள் ஊர் என்பதால் முதலில் கேட்பது: பக்கத்தில் கொப்பரை காயப்போடும் களம் இருக்கிறதா? கையளவு கொப்பரைத் துண்டு, 30 கிராம் என்றால், 200 கலோரி. அந்த நாயின் ஒரு நாள் தேவையில் அது மூன்றில் ஒரு பங்கு. ஒரு வாரம் கட்டிப்போட்டு, நீங்கள் வைப்பதை மட்டும் தின்னவிட்டு எடை பாருங்கள். பிறகு ரத்தம் எடுக்கலாம். ஓணம் சமயத்தில் பாயசப் பாத்திரத்தையும் மூடி வையுங்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

வேலந்தாவளம் வாசகர்: நேற்று வரை நன்றாக இருந்த 7 வயது நாய், இன்று பின்னங்கால் ஒன்றைத் தூக்கியே வைத்திருக்கிறது. இதுவும் மூட்டுத் தேய்மானமா?

தேய்மானம் ஒரே ராத்திரியில் வராது. குண்டு நாய் திடீரென்று பின்னங்காலைத் தூக்கினால் முட்டியின் உள்தசைநார் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் பக்கவாட்டில் நீட்டி வைத்தால் சந்தேகம் வலுக்கிறது. நடக்க விடாமல் இன்றே காட்டுங்கள். பெரிய நாய்க்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான். எடையைக் குறைக்காவிட்டால் அடுத்த காலும் போகும்.

ஒரு காலில் தொடங்கி மறுநாள் இன்னொரு காலுக்கு மாறி, காய்ச்சலும் இருந்தால், காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் மூட்டுகளை வீங்க வைக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், டாக்சிசைக்ளினில் குணமாகும். பாதம் மடங்கி நகத்தின் மேல்புறம் தரையில் உரசினால் கோளாறு பெரும்பாலும் காலில் இல்லை, முதுகெலும்பில். அதற்குத் தாமதிக்கக் கூடாது.

கொல்லங்கோடு வாசகி: மீன் எண்ணெய், குளுக்கோசமைன் மாத்திரைகள் பயன் தருமா?

மீன் எண்ணெய் தரும், ஆறேழு வாரம் கழித்து. 1,000 மில்லிகிராம் காப்ஸ்யூல் என்றாலும் உள்ளே வேலை செய்யும் ஒமேகா-3 கொழுப்புகளான ஈ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து பெரும்பாலும் 300 தான். அட்டையின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். காட் மீன் ஈரல் எண்ணெய் வேறு. அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், தினம் கொடுக்கக் கூடாது. வழக்கமாக மத்தி வாங்கும் வீடு என்றால் வாரம் மூன்று நாள் அதையே கொடுக்கலாம், காப்ஸ்யூலை மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம். குளுக்கோசமைனுக்குச் சான்று பலவீனம். கெடுதல் இல்லை. பணம் அளந்து செலவழிப்பவர் என்றால், அதை ஒரு நல்ல சமையல் தராசுக்குப் போடுங்கள்.